என் படத்துக்குக் கோட்டு மாட்டிவிட்டார்கள், மச்சான்

ஈசூன், சிங்கப்பூர்,
செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்.

அன்புள்ள மச்சான் சந்திரபோஸுக்கு,

உன் அத்தான் மாணிக்கம் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும்வரை நான் உயிரோடு இருக்கிறேன். நலமாக இருக்கிறேனா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் உடல்நிலை, தங்கச்சியின் முட்டிவலி, பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் முறையாக விசாரித்ததாக எடுத்துக்கொள். விரிவாக விசாரிக்கும் மனநிலையில் நான் இப்போது இல்லை.

ஒரே ஊருக்குள், ஈசூனிலிருந்து தெம்பனிசுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா, போன் இல்லையா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் அடுத்த அறையிலிருக்கும் உன் அக்கா காதில் விழும். அவளுக்கு ஒரு காது மந்தம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் நான் ரகசியம் பேசினால் மட்டும் இரண்டு காதும் நன்றாக வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால், நான் ஒருவருக்கு அனுப்புவது எப்படியோ குடும்பக் குழுவுக்குப் போய்விடுகிறது. போன மாதம் மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடலாம் என்று உன்னிடம் கேட்டதற்கு, மலேசியாவிலிருந்தெல்லாம் பதில் வந்ததே, மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் தாளும் பேனாவும்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பாலும் இல்லாத சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பிதான் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் உன் அக்கா இனிப்பான கெட்டிப்பால் ஊற்றிய கோப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. மறுநாள் நான் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் நின்று போனில் என்னைப் படம் எடுத்தாள். ஏன் என்று கேட்டால், "சும்மா" என்றாள். உன் அக்கா அன்னம்மா தன் வாழ்நாளில் எதையாவது சும்மா செய்திருக்கிறாளா, நீயே சொல். வார இறுதியில் மகள் திவ்யதர்ஷினி ஜூரோங்கிலிருந்து வந்தாள். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடித்த கையை உதறிவிட்டு ஓடிய பெண் அவள். பிறகு அம்மாவும் மகளும் அலமாரியைத் திறந்து பழைய ஆல்பங்களை எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "ஒண்ணுலயாச்சும் நேரா பாக்குறாராம்மா? எல்லாத்துலயும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காரு" என்று திவ்யா சொல்வது கேட்டது. நான் உள்ளே போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு மழை வருமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் மச்சான். ஆனால் அடுத்து நடந்ததைக் கேள். அவளுக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் கதவோரம் நின்றேன். "பின்னால மேகம் இருக்கா? சரி, இருக்கட்டும். அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். இருமல் நிற்கவில்லை என்று அதற்கு முந்திய மாதம்தான் மருந்தகத்து டாக்டர் என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருந்தார். நுரையீரலுக்குப் பின்னால் மேகம். அவருக்குத் தெரிய வேண்டாம். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன விளக்கம் வேண்டும்? அன்று இரவு உணவை நான் தொடவே இல்லை. அவள் அதற்கும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குக் கிளம்பினேன். உன் அக்கா வாசல்வரை வந்தாள். "மீன வாங்கிட்டு நேரா வந்துடுங்க. டன்லப் ஸ்திரீட் சந்துப் பக்கமெல்லாம் போகாதீங்க" என்றாள். "எந்தச் சந்து?" என்று கேட்டேன். "எந்தச் சந்தும்" என்றாள். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. அன்றைக்கு எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கியதும் என் கால்கள் மீன் சந்தையைத் தாண்டி நேராக அங்கேதான் போயின. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தொப்பியும் குடையுமாக ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே போனேன். நகைக்கடை, மாலைக்கடை, பணம் அனுப்பும் கடை. அதற்கு அடுத்து ஒரு போட்டோ கடை. அதன் கண்ணாடிக்குள்ளே ஒரு பெரிய கணினித் திரை இருந்தது. அந்தத் திரை முழுக்க என் முகம்.

நான்தான் மச்சான். ஆனால் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருந்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டிய காலம் முழுவதும் காக்கி, ஓய்வுபெற்றபின் கைலி, இதைத் தவிர என் உடம்பு வேறு என்னத்தைக் கண்டது? படத்தில் எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. தாடைக்குக் கீழே தொங்குவது இல்லை. எனக்குப் பின்னால் நீல வானமும் வெள்ளை மேகங்களும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேகம் என் நுரையீரலில் இல்லை, நான்தான் மேகத்தில் இருக்கிறேன்.

உள்ளே போனேன். கடைக்காரர் பெயர் ஃபஹத் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயதிருக்கும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாங்க அங்கிள், உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸா?" என்றார். "அது யாரு?" என்று கேட்டேன்.

"ஒரு ஆண்ட்டி கொடுத்த ஆர்டர் அங்கிள். அவங்க வீட்டுக்காரரு. கல்யாண குரூப் போட்டோல இருந்து வெட்டி எடுத்தேன். தோள்ல வேற யாரோ கை போட்டிருந்தாங்க. அந்தக் கைய எடுக்கவே பெரிய பாடாப்போச்சு."

அந்தக் கை உன்னுடையது மச்சான். திவ்யா கல்யாணத்தில் நீயும் நானும் நின்ற படம். உன்னை முழுசாக வெட்டிவிட்டார்கள். வருத்தப்படாதே, எனக்கு ஏற்பட்டதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

"இவரு இப்ப எப்படி இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஃபஹத் பெருமூச்சு விட்டார். "ஆண்ட்டி ஒண்ணும் சொல்லல. நாமளும் கேக்கமாட்டோம்லா. ஆனா பெரிய சைஸ், சுத்தி மாலை தொங்குறதுக்கு இடம், பின்னால மேகம்னு சொன்னா, நாமதான் புரிஞ்சுக்கணும். பாவம் அங்கிள், ரொம்ப தைரியமான ஆண்ட்டி. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல."

ஒரு சொட்டு விடவில்லையாம்! அதைக் குறித்துக்கொள்.

ஃபஹத் மவுஸை நகர்த்தினார். டிக் என்றது. என் கன்னத்து மச்சம் போய்விட்டது. இன்னொரு டிக். கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் போய்விட்டன. ராத்திரி வேலை பார்த்துப் பார்த்து நான் சேர்த்த பைகள், ஒரு நொடியில் இல்லை. "காது கொஞ்சம் பெரிசா இருக்கு. உள்ள தள்ளிரவா, என்ன சொல்றீங்க?" என்று என்னிடமே யோசனை கேட்டார். "வேணாம். அவருக்குக் காது பெரிசுதான்" என்றேன். "ஓ, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" "கொஞ்சம் பழக்கம்." "எப்படிப்பட்ட ஆளு அங்கிள்?" என்று கேட்டார். என்ன சொல்வது? யாருக்கும் கிடைக்காத சந்தர்ப்பம் இது. "தங்கமான மனுஷன். கூட இருந்தவங்கதான் புரிஞ்சுக்கல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மீன் ஞாபகம் உட்லண்ட்ஸ் வரை வரவில்லை. ஈசூனில் இறங்காமல் உட்லண்ட்ஸ் வரை போய்விட்டேன் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில், "மீன் எங்க?" என்றாள். "மீன் இல்ல" என்றேன். "தேக்காவுலயா மீன் இல்ல?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நானும் அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மருந்தகத்துக்குத் தனியாகப் போனேன். சீன டாக்டர், சின்ன வயதுப் பெண். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், எக்ஸ்ரே கிளியர். யூ ஆர் ஓகேலா" என்று சிரித்தார். எனக்கு மேலும் பயமாகிவிட்டது. இதற்கு முன் எந்த டாக்டரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. சர்க்கரையைக் குறை, உப்பைக் குறை என்று முறைப்பார்கள். சாகப்போகிறவனிடம்தான் அப்படிச் சிரிப்பார்கள் என்று பட்டது. திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினார். அதில் மேகம் எதுவும் இல்லை. ஆனால் போட்டோவில் மச்சத்தையே எடுக்க முடிகிறபோது, எக்ஸ்ரேயில் மேகத்தை எடுப்பது என்ன பெரிய வேலை? இந்தக் காலத்தில் எந்தப் படத்தை மச்சான் நம்புவது?

பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். டாக்டர் சொன்னது பொய்யென்றால் நான் சாகப்போகிறேன். உண்மையென்றால், நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மாலைப் படம்? இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. கெட்டிப்பால் கோப்பி உடனே ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரை நோயாளிக்கு அன்றிலிருந்து காலையும் மாலையும் இனிப்புக் கோப்பி! உன் அக்காவைப் பற்றி இப்படி எழுதுவதற்கு மன்னித்துவிடு. ஆனால் இன்று காலை அவள் அடுப்படிக்குத் திரும்பிய சமயம் பார்த்து, என் கோப்பியையும் அவள் கோப்பியையும் மாற்றி வைத்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எதுக்குக் கப்ப மாத்துனீங்க?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னம், உண்மையச் சொல்லிடு. நான் எப்ப சாகப்போறேன்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், அவசரமா எங்கயாச்சும் போகணுமா?" என்றாள்.

கடையில் பார்த்த எல்லாவற்றையும் கொட்டினேன். கோட்டு, டை, மேகம், சொட்டுக் கண்ணீர் விடாதது வரைக்கும். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, சொன்ன பேச்சைக் கேட்காமல் சந்துக்குள் போனேன் என்று. பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

"ஒம்பதாம் மாடி கதிரேசன் அண்ணன் தவறினப்ப போனோமே, ஞாபகம் இருக்கா? வீட்டுல அவரு தனியா இருக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. கடைசியில என்னத்த வெச்சாங்க? கருப்புக் கண்ணாடி போட்டு, கையில பாதி டுரியான் பழத்த வெச்சுக்கிட்டு நின்னாரே, அதத்தான். பேப்பர்லயும் அதேதான் வந்துச்சு. வந்தவங்கெல்லாம் டுரியானையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவரு பொண்டாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு, போட்டோ தேடுறதுலயே அழக்கூட நேரமில்லக்கான்னு சொன்னுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நமக்கு ஒரு நாள் அது வரத்தான் போகுது. அன்னிக்கு நான் ஆல்பத்தப் பொரட்டிக்கிட்டு இருக்கமாட்டேன்."

"அதுக்குக் கோட்டு எதுக்கு?" என்றேன். அவள் மேசையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நீங்க காலம்பூரா அந்தப் பாரந்தூக்கி மேலயே உக்காந்திருந்தீங்க. சோறு கொண்டாந்து கேட்டுகிட்ட நின்னா, உங்க ஹெல்மெட்டு மட்டுந்தான் தெரியும். ஒரு தடவையாவது கோட்டுல பாக்கணும்னு எனக்கு ஆச. வாங்கித் தந்தா போடவா போறீங்க?" கெட்டிப்பால் கோப்பி எதற்கு என்றேன். "இந்தப் படத்தப் பத்தி நெனச்சேனா, மனசு கேக்கல. நாளையிலிருந்து கறுப்புதான்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "எனக்கு மொதல்லயே முடிஞ்சிருச்சு. எப்படி இருக்கு?" என்றாள்.

அது யாரோ ஒரு பெண், மச்சான். நெற்றி கண்ணாடி மாதிரி இருந்தது. கழுத்தில் ஒரு கோடு இல்லை. முன்பல்லுக்கு நடுவில் உன் அக்காவுக்கு ஒரு இடைவெளி உண்டே, அதை மூடியிருந்தார்கள். இத்தனை நாளும் நான் போவதைப் பற்றியே யோசித்து யோசித்துப் பயந்துகொண்டிருந்தேன். அவளும் ஒரு நாள் போவாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நான் போய், அவள் ஏதாவது குறை சொல்லிக்கொண்டு இங்கேயே இருப்பாள் என்றுதான் கணக்கு. அந்தப் படத்துக்கு முன்னால் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பசியாற முடியவில்லை. பிறகு பசியாறினேன். "கெளம்பு. கடைக்குப் போவோம்" என்றேன்.

நாங்கள் இருவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தபோது ஃபஹத் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவளைப் பார்த்து மரியாதையாக எழுந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றினேன். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பரோட்டா கீழே விழுந்தது. "ஆண்ட்டி... இவரு..." "ஆமா தம்பி, எங்க வீட்டுக்காரருதான்." "அல்லாஹ்! அங்கிள், நீங்களா? அன்னிக்கு இங்க உக்காந்து தங்கமான மனுஷன்னு..." உன் அக்கா என் பக்கம் திரும்பி, "யாரு தங்கமான மனுஷன்?" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

"தம்பி, இவங்க பல்லுல இருந்த சந்தத் திரும்பத் தொறங்க" என்றேன். ஃபஹத் தயங்கினார். "மூடுனாதான் அங்கிள் இளமையா தெரியும்." "இளமையா இருந்தா எனக்கு எப்படித் தெரியும், இது யாருன்னு? நான் முன்னால போயிட்டா, பின்னால வர்றவங்கள மேல அடையாளம் கண்டுபிடிக்க வேணாமா?" நாற்பது வருஷமாக இவள் என்னைத் திட்டும்போதெல்லாம் அந்த இடைவெளி வழியாக ஒரு சின்னக் காற்று வரும் மச்சான். அந்தக் காற்று இல்லாமல் நான் அந்தப் படத்தை என்ன செய்வேன்? உன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஏசி அதிகம் என்றாள்.

பிறகு பேரத்தை ஆரம்பித்தாள். என் கோட்டை எடுக்கக் கூடாது என்றாள். மச்சத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன், சரி என்றாள். முடியை எடுத்துவிடச் சொன்னேன். "கொஞ்சம் இருக்கட்டும், ஓரமா" என்றாள். நான் அவள் நெற்றிச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஃபஹத் வரைந்தார். "இன்னும் ரெண்டு" என்றால், "எனக்கு அவ்வளவு இல்ல" என்று அவள் சண்டைக்கு வந்தாள். திட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! வேறு வாடிக்கையாளர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஃபஹத் நாற்காலியில் சாய்ந்து, "ஆண்ட்டி, நான் இதுவரைக்கும் சுருக்கத்த எடுத்துத்தான் பழக்கம்லா. வெச்சது இதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றார்.

படங்கள் வீட்டுக்கு வந்ததும் உன் அக்காவின் பழைய சேலையில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. தேவைப்படும் நாள்வரை யாரும் பார்க்கப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சந்தேகப்பட்டதும் அப்படியே இருக்கட்டும். குறிப்பாகக் கப் மாற்றிய விஷயம் ஈப்போ சொந்தக்காரர்கள் வரைக்கும் போகக் கூடாது. உனக்கும் இப்படி ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசியும் உரித்தாகட்டும். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நேராகப் பார்க்கும் முகத்தோடும், கையில் டுரியான் இல்லாமலும் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு எங்கும் போகாத உன் அத்தான்,
மாணிக்கம்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் அடுத்த செவ்வாய்வரை மேசையிலேயே கிடந்தது. இன்று வாங்கலாமென்று கீழே போனேன். மின்தூக்கிக் கதவு திறந்தது. உள்ளே இருந்த பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்து அலறி, கையிலிருந்த முட்டையை எல்லாம் போட்டு உடைத்துவிட்டார். விசாரித்தால், என் படம் ரொம்ப அழகாக வந்துவிட்டதாம். ஃபஹத் அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு, சந்தன மாலை மாட்டி, இரண்டு பக்கமும் குட்டி விளக்கு வைத்துக் கடைக் கண்ணாடியில் மாதிரிக்காக நிறுத்திவிட்டார். அனுமதி கொடுத்தது உன் அக்கா. "கோட்டுல நல்லா இருக்கீங்க, நாலு பேரு பாக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்கிறாள். வார இறுதிக் கூட்டத்தில் தேக்காவே பார்த்துவிட்டது. இப்போது வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறது. நான் உயிரோடிருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் வந்தவர்களுக்குப் பேசாமல் கோப்பி கலந்து கொடுக்கிறாள். நான் அறைக்குள் உட்கார்ந்து கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். பட்டறையில் என்னோடு முகங்கொடுத்துப் பேசாதவன்கூட வந்து விம்மினான். ஈப்போவிலிருந்து போன், பினாங்கிலிருந்து போன். உன் தெம்பனிசிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. சற்றுமுன் ஃபஹத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையே முன்வழுக்கையாக ஒருவர் வந்து, என் படத்துக்கு முன்னால் நின்று, "இவரு எங்க அத்தான்தான்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றாராம். அதுவரைக்கும் சரி. பிறகு நிமிர்ந்து, "இதே கோட்டு எனக்கும் போடுவீங்களா, ஆனா டை மட்டும் நீலத்துல?" என்று கேட்டு முன்பதிவும் செய்துவிட்டாராம். மச்சான், அது யார்?